உங்களுக்குத் தெரியுமா? டீப்பாயில் டீ இல்லை!

நாய்க்குட்டி வாங்கப் போனால் 'பெடிக்ரீ' உண்டா என்று கேட்கிறோமே, அந்த ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சில் 'நாரையின் கால்'! அக்கால வம்சாவளிப் பட்டியலில் தகப்பன் பெயரிலிருந்து பிள்ளைகள் பெயருக்குப் பிரித்து இழுத்த மூன்று கோடுகள், நாரை விரல் விரித்து நின்ற தடம் போலவே இருக்குமாம். சைக்கிள் பெடலுக்கும் மூலம் லத்தீன் பாதம்தான். கையும் சும்மா இல்லை: 'சர்ஜன்' என்பதன் கிரேக்க வேர் 'கைவேலை'. வயலுக்குப் போடும் 'மென்யூர்' கூட, கையால் நிலத்தைப் பண்படுத்துவதைக் குறித்த சொல்தான்.

எல்லாவற்றையும்விட வேடிக்கை, ஹாலில் கிடக்கும் டீப்பாய். டீ வைப்பதால் வந்த பெயரல்ல. இந்தியின் 'தீன்' மூன்று, பாரசீகத்தின் 'பாய்' கால். வெள்ளைக்காரர் வாயில் அது டீப்பாய் ஆனது. அசல் முக்காலி! இன்று கடையில் கிடைப்பவை பெரும்பாலும் நாலு கால்காரர்கள்.