கோயிலில் சொன்ன முதல் வார்த்தை

பல வருஷங்களுக்கு முன், லேக் மார்க்கெட் பக்கம் நாங்கள் நடத்திய வெள்ளிக்கிழமை விளக்குப் பூஜைக்கு ஒரு பெண் வருவாள். கல்யாணமாகி ஊரிலிருந்து வந்தவள், வங்காளம் தெரியாது. ஒரு நாள் பிரசாதம் வாங்க நீட்டிய கை கன்றிப் போயிருந்தது. கேட்டேன். "அவர் அடிக்கிறார், மாமி" என்று அழுதாள். "பொறுத்துப் போம்மா, அம்பாள் பார்த்துப்பா" என்று சொல்லி அனுப்பினேன். அதன் பிறகு அவள் வரவே இல்லை. நான் சொன்னது இன்றும் உறுத்துகிறது.

பாஷை தெரியாத ஊரில் போலீஸுக்குப் போக அஞ்சும் பெண், கோயிலிலோ சர்ச்சிலோ மசூதியிலோதான் வாய் திறப்பாள். அங்கே கிடைக்கும் முதல் பதில் அவள் உயிரையே காக்கலாம்.

முதலில், அவள் சொல்வதை நம்ப வேண்டும். நல்லெண்ணத்தில் கணவரையும் கூப்பிட்டு வைத்துப் பஞ்சாயத்து செய்யக் கூடாது. அவர் எதிரில் உண்மையைப் பேச முடியாது. பேசினால் வீட்டில் மேலும் அடி விழும். விஷயம் நாலு பேர் காதுக்கும் போகக் கூடாது.

அடுத்தது சட்டம். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் அமலில் உள்ளது. அடி மட்டுமல்ல, இழிவாகப் பேசுவதும் செலவுக்குப் பணம் தராமல் வதைப்பதும் இதன்படி வன்முறையே. சேர்ந்து வாழ்ந்த வீடு யார் பெயரில் இருந்தாலும் அவளுக்கு அங்கே வசிக்க உரிமை உண்டு. விஷயம் தெரிந்த எவரும் பாதுகாப்பு அதிகாரியிடம் தகவல் தரலாம். நல்லெண்ணத்துடன் தந்தவர் மீது வழக்கு வராது. ஆகவே "நமக்கேன் வம்பு" என்று ஒதுங்க வேண்டியதில்லை.

புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் வழிகாட்டினார். ஆண்களே கூடித் தீர்ப்புச் சொல்லும் ஜமாஅத்தில் பெண்ணின் குரல் கேட்கவில்லை என்று, பெண்களே விசாரிக்கும் ஜமாஅத்தை ஏற்படுத்தினார். தீபா தன்ராஜ் 2011-ல் அதைப் படமாகவே எடுத்தார்.

நம் கொல்கத்தாவிலும் 1995-ல் தொடங்கிய 'ஸ்வயம்' அமைப்பு இத்தகைய பெண்களுக்குத் துணை நிற்கிறது. அங்கேயும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் கூடவே போய், அவள் தமிழில் சொல்வதை வங்காளத்தில் எடுத்துச் சொல்ல நம்மால் முடியும். ஒவ்வொரு பூஜைக் குழுவிலும் இரண்டு பெண்மணிகள் இதற்கு முன்வர வேண்டுகிறேன். உபந்யாசம் செய்வோரும், பொறுமையைப் போற்றும் அதே மூச்சில், மனைவியை அடிப்பது பாவம் என்றும் சொல்லட்டும்.