முதிர்ச்சி வேறு, உள்ளாற்றல் வேறு: பழுப்பு நிலக்கரியை மதிப்பிடும் முறை

பழுப்பு நிலக்கரிக்குத் தமிழில் முற்றா நிலக்கரி என்றும் ஒரு பெயருண்டு. அழகான பெயரே. ஆயினும் 'முற்றாதது' என்ற சொல் கேட்பவர் உள்ளத்தில் 'பயனற்றது' என்னும் எண்ணத்தையும் உடன் விதைத்துவிடுகிறது. நிலவியலார் நிலக்கரியைப் பற்றி இரண்டு வினாக்களை எழுப்புவர். அது எவ்வளவு முதிர்ந்துள்ளது என்பது ஒன்று. அதனுள் எண்ணெயாகவோ எரிவளியாகவோ மாறத்தக்க பொருள் எவ்வளவு உள்ளது என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் பிரித்தறிவதே இவ்வுரையின் நோக்கம்.

செண்டாயான் வட்டாரத் தோட்டங்களை அறிந்தோர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. பால்மரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் ஆன பின்னரே அதில் வெட்டுத் தொடங்குவர், அது முதிர்ச்சி. வெட்டிய மரம் எவ்வளவு பால் தரும் என்பதோ பெரிதும் அதன் இனத்தைப் பொறுத்தது. ஆர்.ஆர்.ஐ.எம். 600 போன்ற உயர்விளைச்சல் இனமாயினும், இளங்கன்றாக நிற்கும்போது அதில் பால் எடுப்பதில்லை. அதனால் அம்மரத்தை வளமற்றது என்று எவரும் கூறுவதுமில்லை.

நிலக்கரி முதிரும் விதம்

சிலாங்கூரின் கோலாலங்காட் சதுப்புக் காடுகளில் இன்றும் இலையும் கிளையும் நீருக்கடியில் முழுமையாக மக்காமல் படிந்து கிடக்கின்றன. இது கரிச்சேற்று நிலை. இத்தகைய படிவின்மேல் மணலும் களிமண்ணும் குவிந்து அதனை ஆழத்திற்கு அமிழ்த்தினால், அழுத்தத்தால் நீர் வெளியேறும். புவியின் வெப்பத்தால் கரிமத்தின் விகிதம் உயரும். கரிச்சேறு பழுப்பு நிலக்கரியாகும், பின்னர்க் கருநிலக்கரியாகும், இறுதியில் அனல்மலி நிலக்கரியாகும். இம்மாற்றத்தில் காலத்தைவிட வெப்பத்தின் பங்கே பெரிது.

ராவாங்கை அடுத்த பத்து ஆராங்கில் 1915 முதல் 1960 வரை வெட்டப்பட்ட நிலக்கரி, பழுப்பு நிலைக்குச் சற்றே மேற்பட்டது. அங்கே இந்தியத் தொழிலாளரும் சீனத் தொழிலாளரும் உழைத்து எடுத்த கரியே மலாயா இரயில்வேயின் எஞ்சின்களை ஓட்டியது. தமிழகத்தின் நெய்வேலியில் கிடைப்பதோ தெளிவான பழுப்பு நிலக்கரி. அதன் எடையில் ஏறத்தாழப் பாதி நீரே.

முதிர்ச்சியை அளத்தல்

முதிர்ச்சியை அளக்க இரண்டு வழிகள் பெருவழக்காக உள்ளன. முதலாவது ஒளிவழி. நிலக்கரித் துண்டை மெருகேற்றி, எண்ணெய்த் துளியிட்டு, நுண்ணோக்கியின் கீழ் வைப்பர். மரத்திசுவிலிருந்து உருவான விட்ரினைட் என்னும் கூறு, விழும் ஒளியில் எத்தனை விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது என்று அளப்பர். பழுப்பு நிலக்கரியில் இக்கூறு ஹியூமினைட் எனப்படும். அதன் அளவு பொதுவாக 0.4 விழுக்காட்டிற்கு உட்பட்டிருக்கும். எண்ணெய் உருவாகும் நிலையோ ஏறத்தாழ 0.6 முதல் 1.3 விழுக்காடு வரை.

இரண்டாவது வெப்பவழி. பொடித்த மாதிரியைக் காற்றில்லாக் கலத்தில் இட்டு, 300 பாகை செல்சியசிலிருந்து படிப்படியாகச் சூடேற்றுவர். முதலில் வெளிவருவது, இயற்கை ஏற்கனவே ஆக்கி வைத்த ஹைட்ரோகார்பன். அடுத்து வெளிவருவது, இனி ஆகக்கூடியது. இந்த இரண்டாம் வெளியீடு உச்சமடையும் வெப்பநிலை ஏறத்தாழ 435 பாகைக்குக் கீழிருந்தால், மாதிரி முதிரவில்லை என்று கொள்வர்.

உள்ளாற்றலை அளத்தல்

இதே சோதனை மற்ற வினாவிற்கும் விடை தருகிறது. ஒரு கிராம் கரிமக் கரியிலிருந்து எத்தனை மில்லிகிராம் ஹைட்ரோகார்பன் பிறக்கும் என்பதே ஹைட்ரஜன் குறியெண். இது 200க்குக் கீழிருந்தால், முதிரும்போது பெரும்பாலும் எரிவளி கிடைக்கும். 300க்கு மேலிருந்தால் எண்ணெயும் எதிர்பார்க்கலாம்.

இவ்வெண்ணைப் பெரிதும் தீர்மானிப்பது, சதுப்பில் வீழ்ந்த தாவரப் பகுதிகளின் தன்மை. மரக்கட்டையில் ஹைட்ரஜன் குறைவு. பிசின், மகரந்தம், இலையின் மெழுகுத்தோல் ஆகியவற்றில் மிகுதி. நாம் புகையிடும் குங்கிலியம் தரும் மரங்கள் டிப்டெரோகார்ப் குடும்பத்தைச் சேர்ந்தவை. மலேசியக் காடுகளின் பெருமரங்கள் பலவும் அக்குடும்பத்தினவே. அப்பிசினின் வேதித் தடத்தைத் தென்கிழக்காசியக் கச்சா எண்ணெய்கள் பலவற்றில் ஆய்வாளர் கண்டுள்ளனர். குசராத்தின் வஸ்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்திலோ, அக்குடும்பத்தின் பிசின் 5 கோடி ஆண்டுகளுக்குப் பின்னும் பூச்சிகளைப் பொதிந்த அம்பராகவே கிடைக்கிறது. அங்கே பொருள் இருக்கிறது. அதனை எண்ணெயாக்கும் வெப்பம் கிட்டவில்லை.

ஆத்திரேலியாவின் கிப்ஸ்லாந்துப் படுகை இதற்கு இன்னும் தெளிவான சான்று. கரையில், லாட்ரோப் பள்ளத்தாக்கில், மேற்பரப்பை ஒட்டிக் கிடப்பது பழுப்பு நிலக்கரி. அதே படுகையில் கடலுக்கடியே ஆழப் புதைந்த நிலக்கரிப் படிவுகளோ எண்ணெயையும் எரிவளியையும் ஈந்துள்ளன.

எச்சரிக்கையும் பயனும்

ஒரு சோதனையை மட்டும் நம்பித் தீர்ப்புரைத்தல் தவறு. பிசினும் மெழுகும் மிகுந்த கரியில் ஒளி அளவு, உண்மை முதிர்ச்சியைவிடக் குறைவாகத் தோன்றலாம். வெப்பச் சோதனையின் உச்ச வெப்பநிலையும் பிசினால் தாழக்கூடும். ஆகவே ஒளி, வெப்பம், நுண்ணோக்கியில் காணும் கூறுகளின் விகிதம் ஆகிய மூன்றையும் ஒப்புநோக்கிய பின்னரே முடிவுக்கு வரவேண்டும்.

அம்முடிவில் மக்கள் வாழ்வு அடங்கியுள்ளது. நெய்வேலியில் 1957இல் சுரங்கப்பணி தொடங்கியது. 1961இல் நிலக்கரி வெளிப்பட்டது. அதற்காக ஊர்களும் விளைநிலங்களும் இடம்விட்டன. தொடக்கக் காலத்தில் அக்கரி மின்னாக்கத்திற்கு மட்டும் பயன்படவில்லை. அதனை வளியாக்கி யூரியா உரம் செய்தனர். கரிக்கட்டியாக்கி 'லெக்கோ' என்னும் பெயரில் அடுப்பெரிக்க விற்றனர். நிலத்திற்குள் இயற்கை செய்யாத மாற்றத்தை ஆலையில் மனிதர் செய்ய முயன்ற வரலாறு அது. ஊரையும் வயலையும் விலையாகக் கொடுத்து எடுக்கும் ஒரு பொருளை எரிப்பதா, வேறொன்றாக மாற்றுவதா, மண்ணுக்குள்ளேயே விட்டுவைப்பதா என்று தீர்மானிப்போர், அதன் முதிர்ச்சியையும் உள்ளாற்றலையும் தனித்தனியே அறிந்திருத்தல் இன்றியமையாதது. ஆசிரியர்கள் வகுப்பில் 'முற்றா நிலக்கரி' என்னும் சொல்லை எழுதும்போது, அது வெப்பத்தின் குறைவைச் சுட்டுவதேயன்றி வளத்தின் குறைவைச் சுட்டுவதன்று என்பதையும் சேர்த்துக் கற்பிப்பார்களாக.