கண்கொத்திப் பாம்பும் எமது கமராவும்

சிங்கராஜ வனத்திற்குக் குடாவைப் பக்கமாகச் செல்வோர் முதலில் அட்டைக்கு அஞ்சுவர்; அடுத்து மழைக்கு அஞ்சுவர். பாம்பின் நினைவு மூன்றாவதாகவே வரும். நாமும் அவ்வாறே கால்களுக்குச் சவர்க்காரம் பூசி, கமராவைப் பொலித்தீன் பையால் மூடிக்கொண்டு, வழிகாட்டியின் பின்னே நடந்தோம். எம்முடன் வந்தவன் எமது தம்பியின் மகன், வயது பன்னிரண்டு.

முதலில் கண்டவன் அவனே.

"பெரியப்பா, காத்து ஒண்டும் இல்லை; அந்தக் கொடி மட்டும் ஏன் ஆடுது?"

கொடியன்று. இலைப் பச்சை நிறம், விரலளவு தடிப்பு, நாலடிக்குக் குறையாத நீளம். ஊசிபோல் கூர்ந்த மூக்கு. முன்னும் பின்னுமாக அசைந்து அசைந்து, காற்றிலாடும் தளிர்போல நடித்துக்கொண்டிருந்தது. பையன் இரு கைகளாலும் கண்களைப் பொத்திக்கொண்டான். அவன்மேற் குற்றமில்லை. கண்ணைக் கொத்தும் பாம்பு என்று அவனுக்குச் சொல்லி வளர்த்தவர்களுள் நாமும் ஒருவர்.

இவ்வச்சம் பழையது. போர்த்துக்கேயப் படைவீரரான ரிபெய்ரோ 1685இல் இலங்கையைப் பற்றி எழுதியபோதே இதனைக் குறித்துள்ளார். சிங்களத்தில் இதன் பெயர் 'அஹெட்டுள்ளா'. கண்ணைப் பிடுங்குவது என்பது அதன் பொருள் என்பர். அப்பெயரையே விஞ்ஞானிகளும் இதன் பேரினத்திற்கு இட்டனர். 2020இல் வெளிவந்த ஆய்வொன்றின்படி, 'நாசூட்டா' என்னும் இவ்வினம் இலங்கைக்கு மட்டுமே உரியது; இந்தியாவில் அப்பெயரால் அழைக்கப்பட்டவை வேறு இனங்கள்.

உண்மையில் வியத்தற்குரியவை அதன் கண்களே. கண்மணி வட்டமாக இல்லை. படுக்கை வாட்டில் நீண்டு, சாவித்துவாரம் போல் இருக்கின்றது. கண்ணிலிருந்து மூக்குவரை ஒரு பள்ளக்கோடு செல்கின்றது. அதன் வழியாக இரு கண்களாலும் நேர்முன்னே நோக்கி, ஓணானும் தவளையும் இருக்கும் தூரத்தை அளந்துகொள்கின்றது. அதன் விஷம் அவற்றுக்குப் போதும். மனிதரைக் கடித்தால் வலியும் வீக்கமும் உண்டாகலாம். முட்டையிடாது குட்டி ஈனும் பாம்பு இது.

இவற்றுள் ஒன்றையும் அறியாத வயதில், இரத்தினபுரிப் பக்கத்தில் வசித்த காலத்தில், எமது வேலியில் கிடந்த ஒன்றை நாம் தடியால் அடித்துக் கொன்றோம். அயலவர்கள் மெச்சினார்கள்.

படமெடுக்க முனைந்தபோது ஓர் இடையூறு. சுள்ளியொன்று பாம்பின் முகத்துக்குக் குறுக்கே நின்றது. சற்று விலக்கினால் என்ன என்று எண்ணிக் கையிலிருந்த கோலை நீட்டினோம். அக்கணமே அதன் கழுத்து பருத்தது, செதில்கள் பிரிந்து, இடையிலிருந்து கறுப்பும் வெள்ளையுமான வரிகள் தோன்றின, வாய் விரிந்தது.

"எபா, மாத்தையா," என்றார் வழிகாட்டி மெல்ல. நாம் கோலைக் கீழே போட்டோம். எந்தக் கை அன்று வேலியருகே தடியை ஓங்கியதோ அதே கைதான் இதுவும் என்ற நினைவு, அட்டைக் கடியிலும் அதிகமாக உறுத்தியது.

இருபது நிமிடம் அசையாது நின்றோம். அட்டைகள் தம் கடமையைத் தவறாது செய்தன. பாம்பின் உடல் மீண்டும் ஒடுங்கிற்று, வரிகள் மறைந்தன. பின்னர் அது தலையைத் திருப்பி எம்மை நேராகப் பார்த்தது. பிளாஷ் விளக்கைப் பயன்படுத்தாமல் முப்பத்தொரு படங்கள் எடுத்தோம். ஒளி மங்கல், பாம்போ ஓயாது ஆடுவது. தெளிவாக விழுந்தவை இரண்டே.

கமராவைத் தாழ்த்தியபோது பையன் எமக்கு முன்னால் நின்றான். கண்ணிலிருந்து கைகளை எப்பொழுது எடுத்தானோ தெரியாது.

"பெரியப்பா, நானும் ஒண்டு எடுக்கட்டோ?"

அவன் எடுத்த படத்தில் அந்தச் சுள்ளி, பாம்பின் முகத்துக்குக் குறுக்கே அப்படியே இருக்கின்றது. அதைத்தான் அவன் தன் படிப்பு மேசைக்கு மேல் ஒட்டி வைத்திருக்கின்றான்.