காந்தட்கொடி

குறிஞ்சிப்பாட்டின் பூநிரலில் முதற்கண் நிற்பது காந்தள். அதனைப் பாடலிற் பயில்வார் பலர். வேலியிற் கண்டறிவார் சிலரே. கார்த்திகைப்பூ, கண்வலிக்கொடி என மக்கள் வழங்குவது இதுவே.

பூவைக் காணுமுன் இலையைக் காண்க. அதன் நுனி நீண்டு சுருண்டு புதரைப் பற்றி ஏறும். மலர் தலைகவிழ, நெளிந்த விளிம்புடைய ஆறிதழ்களும் மேல்நோக்கி மடங்கி நிற்கும். மகளிர் விரலுக்கு உவமையாயது இத்தோற்றம் பற்றியே எனக் கருதுகின்றோம். பசுமை கலந்த மஞ்சளாய் விரிந்து, பின்னர்ச் செம்மை மிகும். ஒரு கொடியிலேயே இருநிறமும் காணப்படுதலின், நிறம் ஒன்றே கொண்டு இனம் வகுத்தல் பொருந்தாது. கோடலை வெண்காந்தள் எனக் கொள்ளும் உரைவழக்கையும் இதனை உளங்கொண்டே ஆராய்தல் வேண்டும்.

ஒட்டன்சத்திரம் பகுதியில் இதனை விதைக்காகப் பயிரிடுகின்றனர். கலப்பை வடிவினதாகிய கிழங்கை நீர் தேங்கா மண்ணில் இடுவர். கவையின் நுனிதோறும் ஒரு முளையே உண்டு. அது முறியின் அக்கவை முளையாது. விதைவழி வந்த கொடி பூக்கச் சில ஆண்டுகள் செல்லும். காய் முற்றியபின் கொடி மடிய, கிழங்கு மண்ணுள் உறங்கும். அக்கிழங்கை உண்கிழங்கென மயங்கி உண்டு உயிர் நீத்தாரும் உளர். கால்ச்சிசின் என்னும் நஞ்சு கொடி முழுதும் உண்டு. ஆதலின், களஆய்வு செல்லும் மாணவர் இலைநுனி கண்டே தெளிக. கிழங்கைச் சுவைத்துப் பார்த்தல் வேண்டா.