கீபோர்டு சேர்த்தால் லேப்டாப் ஆகிவிடுமா?

"இந்தக் கீபோர்டையும் சேர்த்து எடுத்துக்கோங்க சார், அப்புறம் லேப்டாப்பே தேவைப்படாது." ஷோரூமில் டேப்லெட்டைக் கையில் எடுத்துப் பார்த்த பலருக்கும் இது பழகிய பேச்சு. டேப்லெட்டின் விலையும் கீபோர்டின் விலையும் பில்லில் தெளிவாக இருக்கும். விற்பனையாளர் சொன்ன அந்த ஒரு வரி மட்டும் இருக்காது. பின்னால் வரும் வழக்கு வம்பெல்லாம் பெரும்பாலும் அந்த வரியைப் பற்றித்தான்.

படம் பார்க்க, பாடம் படிக்க, பேனாவால் குறிப்பெடுக்க ஆண்ட்ராய்டும் ஐபேட்ஓஎஸ்ஸும் தாராளம். அதற்காக வாங்குகிறவர்கள் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிடலாம். பிழைப்புக்காக வாங்குகிறவர்களின் பாடு வேறு. டேலி விண்டோஸுக்காக எழுதப்பட்ட கணக்கு மென்பொருள். டிடிபி கடைகளில் பழைய கோப்புகளைத் திறக்க இன்னமும் வைத்திருக்கும் பேஜ்மேக்கர், ஆண்ட்ராய்டுக்கோ ஐபேடுக்கோ வந்ததே இல்லை. ஆட்டோகேட் என்ற பெயரில் ஐபேடில் ஒரு செயலி உண்டு. வரைபடத்தைத் திறந்து பார்க்கவும் சின்னத் திருத்தங்கள் செய்யவும் அது போதும். முழு ஆட்டோகேட் விண்டோஸிலும் மேக்கிலும்தான் ஓடும். பெயர் ஒன்றாக இருப்பதால் ஏமாறுகிறவர்கள் இங்கேதான் அதிகம்.

ஜிஎஸ்டி கணக்கு பார்ப்பவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கம்பெனிகளின் படிவங்களில் டிஜிட்டல் கையெழுத்துப் போட பென்டிரைவ் போன்ற ஒரு யுஎஸ்பி டோக்கன் வேண்டும். அதற்கான டிரைவரைக் கணினியில் நிறுவி, கையெழுத்து மென்பொருளையும் பின்னணியில் ஓடவிட்டால்தான் இணையதளம் டோக்கனை அடையாளம் காணும். டேப்லெட்டில் டோக்கனைச் செருகினால் அதன் விளக்கு எரியும், இணையதளமும் திறக்கும். ஆனால் கையெழுத்துப் பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. ரிட்டர்ன் தாக்கலுக்கான 20-ஆம் தேதி கெடுவை வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடிப்பது கொடுமை.

டேப்லெட்டில் டெஸ்க்டாப் ஓஎஸ் இருந்தே ஆகவேண்டுமா என்றால், வேண்டியதில்லை என்பதே என் கருத்து. விரல் நுனிக்கு விண்டோஸின் மூலையிலுள்ள அந்தச் சிறிய பெருக்கல் குறி எப்போதுமே எட்டாக்கனிதான். ஆனால் கணினி என்று சொல்லி விற்றால் கணினியாக நடக்கவேண்டும். நடக்காது என்றால் பணம் வாங்குவதற்கு முன்பே சொல்லவேண்டும்.

சொல்லாமல் விற்றால் என்னவாகும் என்பதற்கு 2012 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட சர்ஃபேஸ் ஆர்டி நல்ல பாடம். பெயரில் விண்டோஸ் இருந்தது, டெஸ்க்டாப் திரை இருந்தது, ஆபீஸும் கூடவே வந்தது. ஆனால் உள்ளே இருந்தது ஆர்ம் வகைச் சிப். ஆண்டுக்கணக்காக மக்கள் பயன்படுத்திவந்த சாதாரண விண்டோஸ் மென்பொருள் எதையும் அதில் நிறுவ முடியாது. மைக்ரோசாஃப்டின் கடையில் கிடைக்கும் செயலிகள் மட்டுமே. அடுத்த மாதமே கலிபோர்னியாவில் ஒரு வழக்கறிஞர் நீதிமன்றம் போனார். அவருடைய குறை வேறு: 32 ஜிபி என்று விற்ற கருவியில் ஏறத்தாழ பாதியை ஓஎஸ்ஸே விழுங்கியிருந்தது. கடைசியில் சர்ஃபேஸ் ஆர்டி எதிர்பார்த்தபடி விற்காததால், 2013 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் 90 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதியது.

ஆப்பிளின் கதை இதற்கு நேர்மாறு. 2020-இல் ஐபேட் புரோவை விற்க அந்த நிறுவனம் முன்வைத்த வாசகத்தின் சாரம், உங்கள் அடுத்த கணினி கணினியே அல்ல என்பது. 2021-இல் மேக்புக் ஏரில் உள்ள அதே எம்1 சிப்பை ஐபேட் புரோவிலும் வைத்தது. சிப் ஒன்றுதான், ஆனால் மேக்கில் உரிமையாளர் விரும்பினால் லினக்ஸைக்கூட ஏற்றிக்கொள்ளலாம். ஐபேடில் ஆப்பிள் கொடுத்ததைத் தவிர வேறெதற்கும் கதவு திறக்காது. மேக்ஓஎஸ்ஸுக்கும் திறக்காது. 2025-இல் வந்த ஐபேட்ஓஎஸ் 26-இல் ஜன்னல்களை இழுத்து மாற்றலாம், மேலே மெனு பட்டைகூட வந்துவிட்டது. பார்க்க மேக் போலவே இருக்கும். மேக் மென்பொருள் மட்டும் ஓடாது. சாம்சங் டேப்லெட்டுகளில் உள்ள டெக்ஸும் இந்த ரகம்தான். அடியில் ஆண்ட்ராய்டு, மேலே டெஸ்க்டாப் தோற்றம். டெக்ஸில் முழு லினக்ஸை ஓட்டும் வசதியை 2018-இல் சோதனையாகக் கொடுத்த சாம்சங், அடுத்த ஆண்டே அதைத் திரும்ப எடுத்துக்கொண்டது.

அப்படியானால் விண்டோஸ் டேப்லெட்டே வாங்கிவிடலாமே என்று தோன்றும். அதிலும் பார்த்து வாங்கவேண்டும். ஸ்னாப்டிராகன் போன்ற ஆர்ம் சிப் உள்ள புதிய விண்டோஸ் கருவிகள் பழைய மென்பொருளில் பெரும்பாலானவற்றை ஓட்டிவிடுகின்றன. டிரைவர்களை மட்டும் அப்படி ஓட்ட முடியாது. ஆர்முக்கென்றே எழுதப்பட்ட டிரைவர் வேண்டும். ஆகவே பழைய பிரிண்டர், கைரேகைக் கருவி, நாம் சொன்ன அந்தக் கையெழுத்து டோக்கன் எல்லாவற்றுக்கும் தனித்தனியே கேட்டுக்கொள்வது நல்லது. சில விண்டோஸ் டேப்லெட்டுகள் எஸ் மோடு என்ற கட்டுக்குள் வரும். மைக்ரோசாஃப்டின் செயலிக் கடையில் உள்ளவற்றைத் தவிர எதையும் நிறுவவிடாது. இது மட்டும் எளிதில் தீரும். செட்டிங்ஸில் போய் இலவசமாக வெளியேறிவிடலாம், திரும்ப எஸ் மோடுக்கு வரத்தான் முடியாது.

செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கும் 2 ஜிபி ரேம், 32 ஜிபி நினைவகம் கொண்ட பழைய விண்டோஸ் டேப்லெட்டுகள் பக்கமே போகாதீர்கள். விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜிபி ரேமும் 64 ஜிபி நினைவகமும் வேண்டும். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பாதுகாப்புத் திருத்தம் வராத கருவியில் வங்கிக் கணக்கைத் திறப்பது வேண்டாத வினை.

பூட்டை உடைத்து லினக்ஸ் போட்டுக்கொள்கிறேன் என்கிறவர்கள் கல்லூரிப் பக்கம் நிறைய. பூட்லோடரைத் திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழியும், உத்தரவாதமும் போகலாம், சில வங்கிச் செயலிகள் அதற்குப் பிறகு ஓட மறுக்கும். இதைவிடப் பாதுகாப்பான வழி, வீட்டிலோ அலுவலகத்திலோ உள்ள கணினியை டேப்லெட்டிலிருந்து தொலைவிலேயே இயக்குவது. ஆனால் அதற்கான செயலியை நீங்களே தேடி நிறுவுங்கள். போனில் அழைத்து நிறுவச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். எனிடெஸ்க் என்ற அத்தகைய செயலி வழியாக நடக்கும் பணத் திருட்டைப் பற்றி 2019-லேயே ரிசர்வ் வங்கி எச்சரித்திருக்கிறது.

இனி சட்டம். வாங்கிய கருவியில் நாம் விரும்பிய ஓஎஸ்ஸைப் போட்டுக்கொள்ளும் உரிமை இந்தியாவில் எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஏப்ரலில் ஐபேட்ஓஎஸ்ஸைத் தன் டிஜிட்டல் சந்தைச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்ததே, அங்கேகூட வேறு செயலிக் கடைகளுக்குத்தான் வழி பிறந்தது, வேறு ஓஎஸ்ஸுக்கு அல்ல. நம்மிடம் இருக்கும் ஆயுதம் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். பொருளைப் பற்றிப் பொய்யாகச் சொல்வது மட்டுமல்ல, முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் அதன்படி தவறான விளம்பரம்தான். அதற்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஆன்லைனில் வாங்கிய பொருளில் விளம்பரத்தில் சொன்ன அம்சம் இல்லையென்றால், விற்றவர் திரும்ப வாங்க மறுக்கக்கூடாது என்கின்றன 2020-இன் மின்வணிக விதிகள். மனம் மாறிவிட்டது என்பதற்காகத் திருப்பிக் கொடுப்பது வேறு. அது கடைக்காரர் காட்டும் சலுகை.

ஆகவே பேச்சை எழுத்தாக்குங்கள். வாங்குவதற்கு முன் கடையின் வாட்ஸ்அப்பிலோ நிறுவனத்தின் சாட்டிலோ, "இதில் டேலி நிறுவ முடியுமா? இந்த மாடல் டோக்கன் வேலை செய்யுமா? பாதுகாப்பு அப்டேட் எந்த ஆண்டு வரை?" என்று கேட்டு, பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். விளம்பரப் பக்கத்தையும் அன்றைக்கே எடுத்துவிடுங்கள், நாளைக்கு மாறிவிடும். பில்லில் மாடல் எண் முழுதாக இருக்கவேண்டும்.

சிக்கல் வந்தால் முதலில் விற்றவருக்கும் நிறுவனத்துக்கும் மின்னஞ்சல். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையம்; இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே மனுப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. நீங்கள் சுயதொழில் செய்து பிழைப்பவர் என்றால், தொழிலுக்காக வாங்கினீர்கள் என்று சொல்லி எதிர்த்தரப்பு மனுவைத் தள்ளச் சொன்னாலும் அது செல்லாது. பெரிய கம்பெனி பெயரில் பில் போட்டிருந்தால் அந்த வாதம் எடுபடலாம். குறை தோன்றிய நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனுப் போட்டாகவேண்டும். சர்வீஸ் சென்டருக்கு நடந்த நாட்களும், பதில் வரும் வரும் என்று காத்திருந்த மாதங்களும் அந்த 2 ஆண்டுக் கணக்கில்தான் கழியும்.