மலைக்குடிலும் வீட்டு நாயும்

கொடைக்கானலுக்கு விடுமுறை போகின்றவர்கள், நாயையும் உடன் அழைத்துச் செல்லலாமா என்று வினவுவதுண்டு. செல்லலாம்; நாய்க்கும் இடந்தரும் தனிக்குடில்கள் அங்கே இருக்கின்றன. ஆனால் குடிலின் சொந்தக்காரர் இசைந்தால் மட்டும் போதாது. 1845-இல் அமெரிக்கப் பாதிரிமார் பங்களாக்கள் கட்டிக் குடியேறுவதற்கு முன்பே அம்மலையை ஆண்டவை வேறு சில.

முதலாவது, காட்டெருமை. பெயர்தான் எருமை; இனத்தால் அது மாடு. மலைவாசிகள் காட்டுமாடு என்பதே பொருத்தம். ஆண் விலங்கு 1,000 கிலோ வரை நிறையுடையது. இப்பொழுது ஊருக்குள்ளேயே வந்து மேய்கிறது. விலகி நிற்போரை அது பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. அவிழ்த்துவிட்ட நாய் குரைத்துக்கொண்டு நெருங்கினாலோ, சீறித் துரத்தும். வெருண்ட நாய் எங்கே ஓடும்? எசமானனிடந்தான் ஓடிவரும், பின்னாலேயே காட்டுமாடும் வரும். ஆகையால் கழுத்துவாரின் கயிறு நம் கையைவிட்டு அகலலாகாது.

அடுத்தது சிறுத்தை. நாய் அதற்கு எளிய இரை. பொழுது சாய்ந்தபின் தாழ்வாரத்தில் நாயைக் கட்டிவைத்தல், இலைபோட்டுப் பரிமாறுவதற்கு ஒப்பாகும். கட்டுண்ட பிராணி தப்பவும் இயலாதன்றோ? கதவடைத்த அறைக்குள் கம்பளி விரித்துப் படுக்கவைப்பதே முறை. ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இரவுத் தரை சில்லிட்டிருக்கும். குட்டை மயிருடைய இராஜபாளையம் நாய்க்கு அது ஒத்துவராது.

சுற்றியுள்ள காடுகளின் பெரும்பகுதி 2013-இல் வனவிலங்குச் சரணாலயமாயிற்று. அதனுள் நாயை இட்டுச் செல்லலாகாது. வீட்டு நாயின் நோய்கள் செந்நாய்களையும் பற்றக்கூடியவை. வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசியைப் புறப்படுவதற்குப் பல நாட்கள் முன்னரே போட்டுவிடுக. மழைக்காலமாயின், உலாவித் திரும்பியதும் விரலிடுக்குகளில் அட்டை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்த பின்னரே நாயை உள்ளே விடுதல் நன்று.