மோப்பம் பிடிக்கும் சின்ன மூக்குகள்

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு)

போலீஸ் நாய் என்றதும் நம் கண்முன் வந்து நிற்பது எது? நிமிர்ந்த காதும் நீண்ட முகமும் கொண்ட அல்சேஷன் நாய்தான். மடியில் தூங்கும் சிவாவா, சப்பை மூக்குப் பக், சுருள்முடிப் பூடில், நம் தெருவில் திரியும் நாட்டு நாய் ஆகியவற்றை அந்த வேலைக்கு நாம் நினைத்தும் பார்ப்பதில்லை. ஆனால் இவையும் மோப்பம் பிடித்திருக்கின்றன. சொன்ன சொல் கேட்டுப் பரிசும் பெற்றிருக்கின்றன. அது எவ்வாறு முடிகிறது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

முதலில் மூக்கைப் பற்றி அறிவோம். மணத்தை உணரும் செல்கள் மனிதனின் மூக்கில் சுமார் 50 லட்சம் உள்ளன. நாய்களுக்கோ பொதுவாக 20 கோடிக்கு மேல் உள்ளன என்பர். நாய் உள்ளிழுக்கும் காற்று மூக்கினுள் இரண்டாகப் பிரிகிறது. ஒரு பகுதி மூச்சுக்காக நுரையீரலுக்குச் செல்கிறது. மற்றொரு பகுதி மணம் அறியும் இடத்திற்குச் செல்கிறது. வெளிவிடும் காற்று மூக்கின் பக்கவாட்டுப் பிளவுகள் வழியாகப் போய்விடுவதால், முன்னே இருக்கும் மணம் கலைவதில்லை. இனத்துக்கு இனம் அளவு மாறுபட்டாலும் இந்த அமைப்பு எல்லா நாய்களுக்கும் பொதுவானது.

நாய் பின்தொடரும் மணம் என்பது என்ன? நம் தோலிலிருந்து ஒவ்வொரு நிமிடமும் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் ஆயிரக்கணக்கில் உதிர்கின்றன. நாம் மிதிக்கும் இடத்தில் புல் நசுங்கி, மண் கிளறப்பட்டு, புதிய மணம் எழுகிறது. இவை சேர்ந்ததே நம் தடம். காலைப் பனியின் ஈரம் அதைக் காத்து வைக்கும். உச்சி வெயிலும் காற்றும் அதைக் கலைத்துவிடும். ஆகவேதான் மோப்பப் பயிற்சியை விடியற்காலையில் தொடங்குவது நல்லது.

மோப்பத்தில் தலைசிறந்தது பிளட்ஹவுண்ட் என்னும் இனம். பெல்ஜியம் நாட்டு ஆர்டென் காடுகளில் உள்ள புனித ஹூபர்ட் மடத்துத் துறவிகள் இந்த வகை நாய்களை வளர்த்தனர் என்பது மரபு. வேட்டைக்காரர்களின் பாதுகாவலராகிய அப்புனிதரின் பெயராலேயே இவ்வினம் இன்றும் பிரெஞ்சு மொழியில் அழைக்கப்படுகிறது. இது மோப்பத்திற்கென்றே பிறந்த நாய். நாம் பேச வந்ததோ, அப்படி யாரும் எதிர்பாராத நாய்களைப் பற்றி.

அமெரிக்காவில் ஹெலன் ஒயிட்ஹவுஸ் வாக்கர் என்னும் பெண்மணி பூடில் நாய்களை வளர்த்து வந்தார். அவற்றை வெறும் அலங்கார நாய்கள் என்று பலர் கேலி செய்தனர். அவர் யாரோடும் வாதாடவில்லை. 1933-ஆம் ஆண்டு அக்டோபரில் நியூயார்க் மாநிலத்தின் மவுண்ட் கிஸ்கோவில், எல்லா இன நாய்களுக்கும் பொதுவான கீழ்ப்படிதல் போட்டி ஒன்றை நடத்தினார். கலந்துகொண்டவை 8 நாய்களே. 1936-இல் அமெரிக்க நாய் வளர்ப்போர் கழகம் இப்போட்டியை ஏற்றுக்கொண்டது; மோப்பத் தேர்வும் உடன் சேர்ந்தது. மறு ஆண்டு அவரும் பிளாஞ்ச் சாண்டர்ஸ் என்ற பயிற்சியாளரும் 3 பூடில்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு சுமார் 10,000 மைல் பயணம் செய்து ஊர் ஊராகச் செய்து காட்டினர். கேலிக்கு இதைவிட நல்ல பதில் உண்டோ?

ஜப்பான் நாட்டின் நாரா நகரில் மோமோ என்ற சிவாவா 2010-இல் காவல்துறையின் தேடுதல் தேர்வில் தேறியது. அதன் எடை சுமார் 3 கிலோதான்! ஒருவரது தொப்பியை மோந்துவிட்டு, ஐந்தே நிமிடத்தில் அவரைக் கண்டுபிடித்தது. நிலநடுக்கம் மிகுந்த நாட்டில் இடிபாடுகளின் சிறு சந்துகளில் பெரிய நாய் நுழைய இயலாது, மோமோ நுழையும். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் மிட்ஜ் என்ற சிறிய கலப்பின நாய் 2006-இல் போதைப்பொருள் கண்டறியும் பணிக்குச் சான்று பெற்று, பத்தாண்டுகள் பணியாற்றி 2016-இல் ஓய்வு பெற்றது.

2015-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி இன்னும் வியப்பானது. ஜெர்மன் ஷெப்பர்டு எனப்படும் அல்சேஷன், கிரேஹவுண்ட், பக் ஆகிய மூன்று இனங்களுக்கும் மணத்தைப் பிரித்தறியும் சோதனை வைத்தனர். அல்சேஷனே வெல்லும் என்று எதிர்பார்த்தனர். வென்றதோ சப்பை மூக்குப் பக்! கிரேஹவுண்டுகளுள் பெரும்பாலானவை வேலையில் ஈடுபடவே இல்லை. மூக்கு மட்டும் இருந்தால் போதாது, செய்ய வேண்டும் என்ற விருப்பமும் வேண்டும் என்பது இதிலிருந்து விளங்குகிறது.

நம் நாட்டிலும் சான்றுகள் உண்டு. கர்நாடகத்தின் முதோள் நாய் கண்ணால் கண்டு துரத்தும் வேட்டை இனம். நம் சிப்பிப்பாறையும் கன்னியும் அவ்வகையினவே. 2005-இல் இராஜபாளையம், முதோள் ஆகிய நாய்களின் படத்துடன் அஞ்சல்தலைகள் வெளிவந்தன. 2016-இல் இராணுவம் முதோள் குட்டிகளை மீரட் நகரில் பயிற்றுவிக்கத் தொடங்கியது. 2024-இல் லக்னோவில் நடந்த அகில இந்தியக் காவல் பணித்திறன் போட்டியில், எல்லைப் பாதுகாப்புப் படையின் ரியா என்ற முதோள் நாய் வெளிநாட்டு இனங்களை வென்று முதலிடம் பெற்றது. மேற்கு வங்கத்தின் பாரக்பூரில் ஆஷா என்ற தெரு நாயும் காவல்துறைப் பயிற்சி பெற்றது.

இனிப் பயிற்சி முறையைப் பார்ப்போம். முதற்படி கீழ்ப்படிதல். ‘வா’, ‘உட்கார்’, ‘இரு’ என்னும் மூன்று சொற்கள் போதும். ஒரு செயலுக்கு ஒரே சொல்லையே எப்போதும் சொல்ல வேண்டும். சரியாகச் செய்த அந்த நொடியிலேயே ஒரு துண்டு தின்பண்டமும் பாராட்டும் தர வேண்டும். பத்து நிமிடத்திற்கு மேல் நீட்டக் கூடாது. அடிக்கவே கூடாது. அடிபட்ட நாய் நம் கையைப் பார்த்து அஞ்சுமே தவிர, மூக்கைப் பயன்படுத்தாது.

இரண்டாம் படி தடம் பிடித்தல். புல்தரையில் ஒருவர் நேர்கோட்டில் இருபது அடிகள் நடந்து, காலடிகளில் சிறு தின்பண்டத் துண்டுகளை இட்டு, முடிவில் தமது கைக்குட்டையை வைத்துவிட்டு வேறு வழியாகத் திரும்ப வேண்டும். நாய்க்குக் கழுத்தில் அன்றி மார்பில் பட்டை கட்டி, நீண்ட கயிற்றைப் பிடித்துப் பின்னால் செல்ல வேண்டும். நாள்தோறும் தூரத்தைக் கூட்டி, தின்பண்டத்தைக் குறைத்து, பின்னர் திருப்பங்களைச் சேர்க்க வேண்டும். அமெரிக்கக் கழகத்தின் முதல்நிலை மோப்பத் தேர்வில், அரை மணி முதல் 2 மணி நேரத்திற்கு முன் இடப்பட்ட சுமார் 400 முதல் 460 மீட்டர் தடத்தை, 3 முதல் 5 திருப்பங்களோடு நாய் முடிக்க வேண்டும். இதில் மிகக் கடினமான பாடம் மனிதனுக்குத்தான். தனக்குத் தெரியாத வழியில் நாயை நம்பிப் பின்செல்ல அவன் கற்க வேண்டும்.

இம்முறையை நாங்கள் நால்வர் அரையாண்டு விடுமுறையில் சோதித்துப் பார்த்தோம். எங்கள் தோழி ஒருத்தியின் வீட்டில் ஒரு நாட்டு நாய் இருந்தது. ‘தின்பதும் தூங்குவதும் தவிர இதற்கு ஒன்றும் தெரியாது, சந்தைப் பக்கம் விட்டுவிடலாம்’ என்று வீட்டார் பேசிக்கொண்டிருந்தனர். பன்னிரண்டு நாள் காலையில் கருவாட்டுத் துண்டுகளோடு பழக்கினோம். கடைசி நாள் தென்னந்தோப்பில் ஐந்து முறை கைக்குட்டையை ஒளித்தோம். மூன்று முறை கண்டுபிடித்தது. நான்காம் முறை ஓணானைத் துரத்திச் சென்றுவிட்டது! பார்த்துக்கொண்டிருந்த தோழியின் தந்தை, “அது பாட்டுக்கு இங்கேயே கிடக்கட்டும்மா” என்றார். எங்களுக்குக் கிடைத்த பரிசு அதுதான்.

சில எச்சரிக்கைகளும் தேவை. சப்பை மூக்கு நாய்கள் வெயிலில் மூச்சுத் திணறும். அவற்றை நெடுந்தூரம் ஓடவிடக் கூடாது. சின்னஞ்சிறு நாய்களால் உயர்ந்த புதரில் வெகுநேரம் உழைக்க இயலாது. பழக்கமில்லாத தெரு நாயைத் தொடக் கூடாது. வளர்ப்பு நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி தவறாமல் போட வேண்டும். வளர்த்த விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும் என்பதைப் பெற்றோரும் நினைவில் கொள்வார்களாக.

தோழியரே, எல்லா நாயும் எல்லா வேலையும் செய்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் சோதித்துப் பார்க்கும் முன்பே ‘இதனால் முடியாது’ என்று தீர்ப்புக் கூறுவது நியாயமன்று. பூடிலுக்கும் மோமோவுக்கும் கிடைத்தது புதிய மூக்கன்று. ஒரு வாய்ப்பும், பொறுமையாகக் கற்றுக்கொடுக்க ஒருவரும்தான். இறைவன் தந்த திறமை எந்த உருவத்திலும் ஒளிந்திருக்கும். அதைத் தேடிக் கண்டுபிடிப்பது நம் கடமையன்றோ!